காற்றுப் படாத இடம்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உங்கள் தெரு மருந்துக்கடை அக்காவிடம் பேசினேன். "உங்க அண்ணி வாராவாரம் வலி மாத்திரைக்கு வர்றாங்க. வலது கையை இடது கையால தூக்கி கவுண்டர் மேல வைக்கிறாங்க, பார்க்கவே சகிக்கலை" என்றார். பணிமனையில் பேருந்துப் படியில் வழுக்கி விழுந்து, தோளில் தகடு வைத்து ஒரு வருடம் தாண்டிவிட்டதே. இன்னுமா?

போன் செய்தேன். எங்கள் வீட்டு எண்கள் அத்தனையையும் நீங்கள் தடுத்து வைத்திருப்பதால் மணிகூட அடிக்கவில்லை. கடிதத்தைத் தடுக்க இன்னும் யாரும் பொத்தான் கண்டுபிடிக்கவில்லை என்ற தைரியத்தில் பேனாவை எடுத்தேன். கிழிப்பதாக இருந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நான் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் கிருமி வளர்க்கிறவள். "ஊர் உலகமெல்லாம் கிருமியை ஒழிக்குது, நீ தீனி போட்டு வளர்க்கிறே" என்று நீங்கள் கேலி செய்யாத நாளில்லை. அந்தக் கிருமிகளில் ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். தோலில் முடி முளைக்கும் குழியின் அடியில், எண்ணெய் சுரக்கும் இடத்தில், அது குடியிருக்கிறது. முகப்பரு வருவதில் அதற்குப் பங்கு உண்டு. எல்லோரிடமும் இருக்கிறது, தோள்பட்டையில் கொஞ்சம் அதிகமாகவே. காற்று அதற்கு ஆகாது. மேலே பூசும் மருந்துக்கும் சிக்காமல் ஆழத்தில் கிடக்கும். அறுவை செய்யும்போது கத்தியோடு உள்ளே போய்த் தகட்டில் ஒட்டிக்கொண்டால், பெரும்பாலும் காய்ச்சலும் வராது, சீழும் வராது, ரத்தப் பரிசோதனையிலும் சிக்காது. வலியும் விறைப்பும் மட்டும் நிற்கும்.

உங்களுக்கு இதுதான் என்று அடித்துச் சொல்லவில்லை. இதுவாகவும் இருக்கலாம். தோளிலிருந்து எதையாவது எடுத்துப் பரிசோதித்தார்களா? எடுத்திருந்தால் எத்தனை நாள் வைத்துப் பார்த்தார்கள்? இதை மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 12

பரிசோதனைக்கூடத்து மகாராணிக்கு,

முதலில் ஒன்று. என்னை அண்ணி என்று எழுதாதே. அந்தப் பதவி காலியாகி, வேறு ஆள் எடுத்து, அவள் வேலையில் சேர்ந்தும் ஆயிற்று. உன் அண்ணனுக்கும் எனக்கும் நீதிமன்றத்தில் தீர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. உன் அம்மாவும் "இனிமே அவளுக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினார். தெருவே கேட்டது. நீயும் அங்கேதான் நின்றாய்.

மருந்துக்கடைக்காரி வாயில் நுழைந்தது ஊர் தாண்டாமல் இருக்குமா? அவள் சொன்னது உண்மைதான். தலை வார முடியவில்லை, அதனால் முடியையே கழுத்தளவுக்கு வெட்டிவிட்டேன். சட்டைக்குள் கையை நுழைப்பதற்குள் விடிந்துவிடுகிறது. பணிமனையில் என்னை நேரம் குறிக்கும் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். எந்த வண்டி எப்போது வெளியே போயிற்று, எப்போது திரும்பிற்று என்று எழுதுகிற வேலை. என் வண்டியை இப்போது ஒரு புதுப் பையன் ஓட்டுகிறான். ஜன்னலைத் தாண்டும்போது கியரை அவன் இழுக்கிற இழுப்பில் எனக்குப் பல் கூசுகிறது.

ஜூன் மாதம் மருத்துவக் குழுவின் முன்னால் நிற்க வேண்டும். கை இப்படியே இருந்தால் "ஓட்டத் தகுதியில்லை" என்று நிரந்தரமாக எழுதிவிடுவார்கள். பிறகு ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலிதான். அந்த நாற்காலி எனக்கு வேண்டாம். எவன் தலைகீழாக நின்றாலும் வேண்டாம்.

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன், பொறுமையான மனிதர். ஆனால் "எலும்பு நல்லாச் சேர்ந்துடுச்சும்மா. உங்களுக்குக் கையை அசைக்கப் பயம், அவ்வளவுதான்" என்கிறார். பயமாம், எனக்கு! போன வருடம் ஊசி குத்தி நீர் எடுத்து அனுப்பினார்கள். மூன்று நாள் வைத்துப் பார்த்து "வளர்ச்சி எதுவும் இல்லை" என்று எழுதி வந்தது.

அது கிடக்கட்டும். காற்று இல்லாமல் ஒரு உயிர் எப்படி வாழும்? யார் காதில் பூச்சுற்றுகிறாய்? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

டிரைவர்


பிப்ரவரி 19

அண்ணி,

திரும்பவும் அதையேதான் எழுதியிருக்கிறேன். அக்கா என்று எழுதிப் பார்த்தேன், பக்கத்துக் கடைக்காரருக்கு எழுதுவது போல் இருந்தது. மேடம் என்றால் நீங்களே சிரிப்பீர்கள். வேறு நல்ல சொல் கிடைத்தால் சொல்லுங்கள், பரிசீலிக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தோலின் மேல்பரப்பில் இருக்கும் கிருமிகளில் பல எதற்கும் வளைந்து கொடுப்பவை. காற்று இருந்தால் அதிலுள்ள ஆக்சிஜனை வைத்துக் கொண்டு உணவை நன்றாக எரித்துச் சக்தி எடுக்கும். இல்லாவிட்டால் புளிக்க வைத்து, கிடைத்த சக்தியில் காலத்தை ஓட்டும். மாவு புளிக்கிறதே, அந்த மாதிரி. நான் சொல்கிற ஆழத்துக் கிருமிக்குப் புளிக்க வைப்பதுதான் பிடித்த வேலை. அங்கே கிடைக்கும் எண்ணெய்ப் பசையைத் தின்று அமிலமாக்கிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் அதை அரிக்கிற பொருள். ஆனாலும் பட்டவுடன் செத்துப்போகிற அளவுக்கு அது நோஞ்சான் இல்லை. கொஞ்சம் காற்று வந்தால், அந்த அரிப்பைத் தணிக்க ஒரு புரதத்தைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்ளும். வளர்ச்சியை மட்டும் சுருக்கிக்கொள்ளும்.

சாதாரணப் பெட்டியில், காற்றோட்டத்தில் வைத்தால் எங்கள் தட்டில் அது தலைகாட்டாது. காற்றுப் புகாத ஜாடியில் வைத்து, உள்ளே மிச்சமிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்ச ஒரு பொட்டலமும் போட்டு மூட வேண்டும். அப்போதும் மாட்டு வண்டி வேகம்தான், இரண்டு வாரம் வரை பொறுக்க வேண்டும். உங்களுக்கு மூன்று நாள் என்று படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று நாளில் அது சோம்பல்கூட முறித்திருக்காது.

கேட்காததையும் எழுதப் போகிறேன். எலும்பு சேர்ந்துவிட்டது என்றால் தகட்டை எடுத்துவிடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். எடுக்கும்போது உள்ளே வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்து துண்டுச் சதை எடுக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் புதுக் கருவி. ஒரே துண்டில் இந்தக் கிருமி வந்தால் "தோலிலிருந்து கலந்தது" என்று தள்ளிவிடுவார்கள், அது நியாயமும்கூட. பல துண்டுகளில் வந்தால் தள்ள முடியாது. உங்கள் மருத்துவமனையில் ஜாடி வசதி இல்லையென்றால் எங்களுக்கு அனுப்பலாம், வழக்கமாக அனுப்புகிறவர்கள்தான். அதற்கு முன் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி எந்தக் கிருமி மாத்திரையும் போடாதீர்கள். அரைகுறையாக அடிபட்ட கிருமி ஜாடியிலும் வளராது.

உங்கள் நாத்தனார்


மார்ச் 8

ஜாடிக்காரிக்கு,

போனேன். கேட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீ பக்கத்தில் இருந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய்.

"அந்தக் கிருமி எல்லார் தோல்லயும் இருக்கும்மா. தேடினா என் தோள்லயும் கிடைக்கும்" என்றார் டாக்டர்.

"உங்க தோள் வலிக்குதா சார்?"

"இல்லை."

"எனக்கு வலிக்குது. பிரேக் பிடிக்கலைன்னு டிரைவர் சொன்னா மெக்கானிக் வண்டிக்கு அடியில படுத்துப் பார்ப்பாரு. போன தடவை பார்த்தப்ப நல்லாத்தானே இருந்துச்சுன்னு சொல்ல மாட்டாரு. உங்களுக்குப் பயம்னு டிரைவர்கிட்ட சொல்லவே மாட்டாரு."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "யாரும்மா உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுக்கறது?" என்றார். "தெரிஞ்சவங்க" என்றேன். "தெரிஞ்சவங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. நானும் இதை யோசிச்சிருக்கணும்" என்றார். தகட்டை எப்படியும் எடுக்கலாமாம். மாத இறுதியில் நாள் குறித்திருக்கிறார். ஐந்து துண்டும் உங்கள் கூடத்துக்கே வரும்.

திரும்பவும் கத்தி என்று நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பயத்தில் எது பெரிது என்று பார்த்தால் நாற்காலிதான் பெரிது. கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையெல்லாம் நிறுத்தியாயிற்று.

ஜாடியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். வேறு யார் கையிலும் கொடுக்காதே. உன் கை என்றால்தான் எனக்கு நம்பிக்கை.

டிரைவர்


ஏப்ரல் 2

அண்ணி,

மருந்துக்கடை அக்கா கடையைப் பூட்டிவிட்டு வெளியூர் போயிருக்கிறாராம். அவர் மூலம் போனில் சொல்ல வழியில்லை, அதனால் கூரியரில் அனுப்புகிறேன். பிரித்ததும் கிளம்ப வேண்டியிருக்கும், முதலில் கையைக் கழுத்தில் மாட்டும் தூளியில் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

துண்டுகள் நேற்றுக் காலை வந்தன, ஐந்தும் நல்ல நிலையில். சீட்டில் உங்கள் பெயரை இரண்டு தடவை படித்தேன். எங்கள் கூடத் தலைவர் அதைக் கவனித்துவிட்டார்.

"தெரிஞ்சவங்களா?"

"ஆமாம் மேடம்."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணி" என்றேன்.

அவ்வளவுதான். சொந்தக்காரர்களுடைய மாதிரியை நாங்கள் தொடக்கூடாது, அது விதி. என் கையிலிருந்த தட்டை வாங்கி என்னோடு வேலை செய்பவரிடம் கொடுத்துவிட்டார். நான் இப்போது பக்கத்து மேசை. தட்டை வாங்கியவர் நேர்மையான மனிதர், துல்லியமாகச் செய்வார். ஆனால் எங்களிடம் ஜாடிகள் குறைவு. வழக்கம் ஐந்து நாள்தான், ஆறாம் நாள் திறந்து காலி செய்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வாரம் வைக்க வேண்டுமென்றால் அறுவை செய்த டாக்டர் எழுதிக் கேட்க வேண்டும். சீட்டில் உங்கள் டாக்டர் அதை எழுதவில்லை. நான் கேட்டால் செல்லாது. "இப்ப நீங்க நோயாளி வீட்டு ஆள்" என்கிறார் தலைவர்.

டாக்டரைப் பிடியுங்கள். ஒரே ஒரு வரி போதும். ஐந்தாம் தேதிக்குள் வந்துசேர வேண்டும்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 4

உனக்குப் புத்தி இருக்கிறதா?

"என்ன வேணும்" என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம்" என்று சொல்ல வேண்டியதுதானே. பொய்கூட இல்லையே. நீதிமன்றம் சொல்லிவிட்டது, உன் அம்மா சொல்லிவிட்டார், நானும் எழுதிவிட்டேன். உலகத்தில் மூன்று பேர் உறவில்லை என்று சொன்னது உன் காதில் ஏறவில்லை. அந்த ஒரு வார்த்தையை விழுங்கியிருந்தால் என் தோள் உன் மேசையில் இருந்திருக்கும். இப்போது யாரோ ஒருத்தர் மேசையில் இருக்கிறது.

தையல் பிரிக்காத தோளோடு போய் அறுவை அரங்க வாசலில் உட்கார்ந்தேன். செவிலியர் "இன்னைக்கு அவரைப் பார்க்க முடியாதும்மா" என்றார். "நான் பார்க்க வரலை, அவர் என்னைப் பார்த்தா போதும்" என்றேன். டாக்டர் முகமூடியோடு வெளியே வந்து, நான் சொன்னதைக் கேட்டு, இரண்டு வாரம் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். என் கண்முன்னாலேயே உங்கள் கூடத்துக்கு அனுப்ப வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். வந்து சேர்ந்திருக்கும்.

வலி உயிர் போகிறது. இடது கையால் எழுதுகிறேன், அதனால் திட்டுவதையும் சுருக்கிக்கொள்கிறேன்.

எதற்காக அப்படிச் சொன்னாய்? அதை மட்டும் எழுது.


ஏப்ரல் 9

அண்ணி,

டாக்டரின் வரி அன்றே வந்தது. ஜாடி மூடியபடியே இருக்கிறது. எட்டு நாள் ஆயிற்று. உள்ளே வைத்திருக்கும் காட்டித்தாள் வெள்ளையாகவே நிற்கிறது, காற்றுப் புகுந்தால் அது நிறம் மாறிவிடும். திறந்து பார்க்க எனக்குக் கை ஊறுகிறது. எங்கள் தொழிலில் ஆர்வக்கோளாறில் திறக்கிறவர்கள்தான் அதிகம் கெடுத்திருக்கிறார்கள், அதனால் அந்த அலமாரிப் பக்கமே போவதில்லை.

ஏன் சொன்னேன் என்று கேட்டீர்கள். முதல் காரணம் உங்களுக்குப் பிடிக்கும். நான் மறைத்திருந்து, நாளைக்கு அது தெரிந்தால், "நாத்தனார் வீட்டுக் கிருமி" என்று ஒரே வரியில் உங்கள் முடிவைக் குப்பையில் போடுவார்கள். மருத்துவக் குழுவில் அதை யாராவது கிளப்பினால் உங்களுக்கு வாதாட இடமிருக்காது.

இரண்டாவது காரணம் உங்களுக்குப் பிடிக்காது. நான் அதையெல்லாம் யோசித்துச் சொல்லவில்லை. கேட்டதும் வாயில் வந்தது அதுதான். படிக்கிற காலத்தில் நான்கு வருடம் உங்கள் வீட்டில் இருந்தேன். தேர்வு நாட்களில் என்னை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார வைத்து, கல்லூரி வாசலில் இறக்கிவிட்டு, "ஃபெயிலாகிட்டு வந்தா டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு" என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி கத்துவீர்கள். அண்ணன் அலுவலகம், அலுவலகம் என்று இருந்தார். என்னைப் படிக்க வைத்தது நீங்கள். அண்ணன் போனது உங்களை விட்டு. நான் எங்கேயும் போகவில்லை. போகிறாயா என்று யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. நீதிமன்றத்தில் உங்கள் இருவர் பெயரும்தான் இருந்தது, என் பெயர் எந்த இடத்திலும் இல்லை. அம்மா தெருவில் கத்தியது அம்மாவுடைய கருத்து.

உங்கள் மேல் எனக்குக் கோபமும் உண்டு. கூண்டோடு எல்லா எண்ணையும் தடுத்தீர்களே, ஒரு நிமிடம் யோசித்தீர்களா? அன்றைக்கு நான் அழுத அழுகையில், நான் தங்கியிருந்த விடுதியில் இருந்தவர்கள் யாரோ இறந்துவிட்டதாக நினைத்து வந்து பார்த்தார்கள்.

வேறு நல்ல சொல் கிடைத்தால் பரிசீலிப்பதாக எழுதியிருந்தேன். இப்போது அதுவும் முடியாது. கூடத்தில் பதிவாகிவிட்டது.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 15

அண்ணி,

வந்துவிட்டது.

நேற்றுத்தான் திறந்தார்கள். பதினான்காம் நாள் வரை யாரும் தொடவில்லை. பக்கத்து மேசைக்காரர் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிடாமல், சத்தமாகத் தன் உதவியாளரிடம் சொல்வது போல, "அஞ்சுல நாலு. பொடிப் பொடியா வெள்ளையா இருக்கு. அஞ்சு நாள்ல திறந்திருந்தா சுத்தமா ஒண்ணுமே இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். ஐந்தில் நான்கு என்றால் கலப்பு என்று யாரும் சொல்ல முடியாது. இன்று டாக்டருக்கு அறிக்கை போய்விட்டது, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்த்துச் சொல்ல இன்னும் சில நாள் ஆகும்.

உங்களுக்குப் பயம் இல்லை அண்ணி. அது எழுத்தில் வந்துவிட்டது.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 23

அடி போக்கிரி,

டாக்டரே போன் செய்தார். "உங்களை நான் நம்பியிருக்கணும்மா" என்றார். இனிமேல் இப்படி வலியோடு வருகிறவர்களுக்கு முதலிலேயே இரண்டு வாரம் என்று எழுதிவிடப் போகிறாராம். தகடு ஏற்கெனவே வெளியே வந்துவிட்டதால் இன்னொரு கத்தி வேண்டாமாம். ஆறு வாரம் மருந்து, முதலில் நரம்பு வழியாக, அப்புறம் மாத்திரை. மருத்துவக் குழுவை ஆகஸ்டுக்குத் தள்ளிவைக்க அவரே எழுதிக் கொடுத்தார். பணிமனை மேலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

உன் ஒன்பதாம் தேதிக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. உன்னிடம் யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். நான்கூடக் கேட்கவில்லை. விடுதியில் நீ அழுததாகப் படித்த இடத்தில் நானும் அழுதேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத என்னால் ஆகாது, புரிந்துகொள்.

கையைத் தூக்கும் பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. சுவரில் விரலால் ஏணி ஏறச் சொல்கிறார்கள். ஏறுகிறேன். பயிற்சி கொடுக்கும் பெண் "போதும்" என்ற பிறகும் ஏறுகிறேன்.

உன் அண்ணி


ஆகஸ்ட் 28

கண்ணு,

குழு முடிந்தது. மூன்று டாக்டர்கள். "கையைத் தூக்குங்க" என்றார்கள். காது வரை போயிற்று. "இன்னும் மேலே?" என்றார் ஒருவர். "இன்னும் மேலே போகலை சார். ஆனா ஸ்டியரிங் காதுக்கு மேலே இல்லை" என்றேன். நடுவில் இருந்தவர் சிரித்துவிட்டார். வண்டியில் ஏற்றிப் பணிமனையை ஐந்து சுற்றுச் சுற்ற வைத்தார்கள். பின்னால் எடுத்து இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நிறுத்தச் சொன்னார்கள். வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். பழைய வலி இல்லை, வேலை செய்த கையின் வலி. நிறுத்திவிட்டு இறங்கினபோது மேலாளரே ஓடிவந்து கதவைப் பிடித்தார்.

தகுதி என்று எழுதிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் காட்ட வேண்டும். காட்டுகிறேன், எனக்கென்ன.

திங்கட்கிழமையிலிருந்து ரயில் நிலையத்துத் தடம் எனக்கு. காலை முறை. உன் ஊர் ரயில் விடிந்ததும் வந்துவிடும் என்று நேரம் குறிக்கும் அறையில் கேட்டு வைத்திருக்கிறேன். விடுப்பு எடுத்துக்கொண்டு வா. நிலையத்து வாசலில் ஆட்டோவில் ஏறிவிடாதே, என் வண்டி வரும்வரை நில். ஓட்டும்போது என்னோடு பேசக்கூடாது, அதுவும் விதிதான், உனக்கு விதி என்றால் பிடிக்குமே. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்குவார்கள். நீ இறங்காதே. வண்டி திரும்பக் கிளம்ப இருபது நிமிடம் இருக்கிறது, அவ்வளவும் உனக்குத்தான்.

உன் அண்ணி